கதவில்லாத சமையலறை ஜன்னல்

உனக்கு எதற்கு அது? இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்து முழுசாய் ஒரு மாதம் ஆகவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், குப்பை வண்டி எப்போது விசில் அடிக்கும் என்பதையெல்லாம் தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு, என் சமையலறை ஜன்னலுக்கு ஏன் கதவு இல்லை என்று கேட்கிறாய். அடுத்த வீட்டு ஜன்னலை உற்றுப் பார்க்கிற கண்ணை உன் அடுப்பில் வைத்திருந்தால், நேற்று பால் பொங்கித் தீய்ந்த வாசனை இரண்டாம் மாடி வரைக்கும் வந்திருக்காது.

சரி, கேட்டுவிட்டாய். சொல்லாமல் விட்டால் நீயாக ஒரு கதை கட்டிவிடுவாய். அது என் கதையைவிட நன்றாக இருந்துவிட்டால் எனக்குப் பொறுக்காது. பொறாமை எனக்குக் கொஞ்சம் அதிகம். இந்த ஜன்னல் விஷயமே அதில் வெந்து வந்ததுதான்.

கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு, இந்த லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை. என் வீட்டுக்காரருக்குத் துறைமுக ஆபீசில் வேலை. என் அம்மா கொடுத்தனுப்பிய குழம்புப்பொடி இரண்டு மாதத்தில் தீர்ந்தது. லேக் மார்க்கெட்டில் மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி வந்து, இருப்புச் சட்டியைக் காயவைத்து, வத்தலைப் போட்டு வறுத்தேன்.

நெடி கிளம்பியது பார். சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, மாடிப்படி முழுக்க ஏறி இறங்கியது. கட்டிடமே இருமியது. கதவைத் தட்டினார்கள். திறந்தால், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், அவளும் என்னை மாதிரிப் புது மருமகள்தான், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாள்.

"கீ பொராச்சோ, தீதி?"

என்ன எரிக்கிறாய் அக்கா என்று கேட்டாளாம். எனக்கு அப்போது அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. சட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். சட்டி அருகில் வந்ததும் அவள் போட்ட தும்மலில் மூக்குத்தி கழன்று விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்தான்.

ஆனால் என் வீட்டுக்காரருக்கு அவமானமாகிவிட்டது. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் மாடியில் நான்கு பேர் அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். நேரே சமையலறைக்குள் வந்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"நாம பிழைக்க வந்த ஊரு. நம்ம வீட்டு நெடி நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்தவன் மூக்குல ஏறப்பிடாது. இனிமே வத்தல் வறுத்தா ஜன்னலைச் சாத்திட்டு வறு."

மரியாதைக்காரர். நானும் மரியாதைக்காரி ஆனேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொடி வறுக்கும் நாளில் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள். வாசற்கதவின் அடியில் ஈரத்துணி. வெளியே ஒரு தும்மல் கேட்காது. உள்ளே நாங்கள் இருமுவோம், தும்முவோம், கண்ணைக் கசக்குவோம், சிரிப்போம். பக்கத்து வீட்டுக்காரி நான் பொடி வறுப்பதையே விட்டுவிட்டேன் என்று நினைத்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

அவருக்குக் கடைசிக் காலத்தில் ஓயாத இருமல். பீடி, சிகரெட் எதையும் தொட்டவர் இல்லை. கல்கத்தாக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டோம். எனக்கும் காலையில் எழுந்தால் கால் மணி நேரம் இருமல் உண்டு. அதை இருமல் என்றே நான் எண்ணியதில்லை. அது எனக்குச் சேவல் கூவுகிற மாதிரி.

இப்போது அவர் சுவரில் படமாக இருக்கிறார். படத்தில் இருமுவதில்லை.

இனி என் மதினியைச் சொல்கிறேன். என் மருமகளைப் பெற்றவள். எங்கள் பக்கத்தில் சம்பந்தியம்மாள்கள் ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். அவள் இதே ஊரின் அந்தக் கோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறாள். படித்தவள். சர்க்கார் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அவர் இருந்தபோது நான் தாலிக்கொடியை எவ்வளவு பெருமையாக வைத்திருந்தேனோ, அதைவிடப் பெருமையாக அந்தக் கண்ணாடிச் சங்கிலியை வைத்திருப்பாள். பேசும்போது அதை எடுத்து மாட்டுவாள், கழற்றுவாள். எனக்கும் கண்ணாடி உண்டு. ஒரு கால் உடைந்து நூல் கட்டியது. அதை மாட்டினாலும் கழற்றினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான்தான் ஒசத்தி. அவள் வீட்டில் பாக்கெட் பொடி. என் வீட்டுப் பொடி நான்கு தமிழ்க் குடும்பங்களுக்குப் போகும். டாக்குரியாவிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் மகளே, அதாவது என் மருமகளே, "எங்கம்மா சாம்பாரை விட உங்க குழம்புதான் அத்தை" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை நான் எத்தனை நாள் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன் தெரியுமா?

அப்புறம் பேத்தி பிறந்தாள். என்னை லேக் ஆச்சி என்றும் அவளைச் சால்ட் லேக் ஆச்சி என்றும் கூப்பிட்டாள். அங்கேயும் பார், பிள்ளை வாயில் அவளுக்கு ஒரு சொல் கூடுதல்.

குழந்தைக்கு ஐந்து வயதான குளிர்காலத்தில் இளைப்பு வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருக்கிற மாதிரி சத்தம். முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை பிடிக்கிற மெஷினை வாங்கினார்கள். டாக்டரம்மாள் என் மருமகளையும் என்னையும் உட்காரவைத்துக் கேட்டாள்.

"வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?"

"இல்லை."

"சமைக்கும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்குமா?"

அந்தக் கேள்வி என்னைப் பார்த்து வந்தது. நாற்பது வருஷத்தில் வங்காளி நன்றாகவே வந்துவிட்டது எனக்கு. புரியவில்லை என்று தப்பிக்க முடியாது.

"எப்பவும் திறந்துதான் இருக்கும், டாக்டர்" என்றேன்.

அதோடு நின்றேனா? பக்கத்து வீட்டில் கடுகெண்ணெய் புகைந்து போகும்வரை காயவைத்து மீன் பொரிக்கிறார்கள், அந்தப் புகைதான் குழந்தைக்கு ஆகவில்லை என்று ஒரு பழியையும் தூக்கி வைத்தேன். மூக்குத்தி தேடிய சிநேகிதி மேல்.

அந்த வாரமே மதினி வந்தாள். அவர்கள் குடியிருப்பில் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடந்ததாம். வீட்டுக்குள்ளே இருக்கிற புகையைப் பற்றி யாரோ ஒரு பெண் வந்து பேசினாளாம். தெருவில் இருக்கிற புகைக்கு மூக்கைப் பொத்துகிறோம், வீட்டுக்குள் நாமே உண்டாக்குகிறதை மூச்சாக இழுக்கிறோம், அதில் பாதி நேரம் அடுப்படியில் நிற்கிறவளும் அவள் இடுப்பில் இருக்கிற பிள்ளையும்தான் இழுக்கிறார்கள் என்று சொன்னாளாம். மதினி அதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள்.

"மதினி, இது நான் உங்களுக்காக வாங்குனது" என்று ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். சோப்பு டப்பா அளவு. முகப்பில் ஒரு விளக்கு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு.

"எனக்கெதுக்கு மதினி இதெல்லாம்? எனக்கு மூக்கு இருக்கே" என்றேன்.

"மூக்கு பழகிப்போயிரும் மதினி. இது பழகாது."

என் மருமகள் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள் பார். அந்தப் பார்வையை என்னிடம் அவள் ஒருநாளும் காட்டியதில்லை. குழம்பை ருசித்தபோதுகூட இல்லை. அன்றைக்கே அந்த டப்பா எனக்கு எதிரி ஆகிவிட்டது.

ஒரு வாரம் அதோடு கண்ணாமூச்சி ஆடினேன். தோசை ஊற்றும்போது டப்பாவைத் தூக்கிப் பால்கனியில் துளசித் தொட்டி பக்கத்தில் வைப்பேன். வேலை முடிந்ததும் பழைய இடத்தில் கொண்டுவந்து வைப்பேன். பச்சை. மருமகள் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். டப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரே கொண்டாட்டம்.

பொடி தீர்ந்த நாள் வந்தது. மருமகளும் மகனும் ஆபீஸ் போயாகிவிட்டது. பேத்திக்குச் சளி, பள்ளிக்கூடம் போகவில்லை, உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஜன்னலைச் சாத்தினேன், ஈரத்துணி போட்டேன், வத்தலை வறுத்தேன். டப்பாவை எடுத்து வைக்க மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தால் குங்குமம் மாதிரிச் சிவந்து நிற்கிறது. வேலை முடிந்ததும் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, டப்பாவை முறத்தால் விசிறினேன். பச்சை ஆனது. அப்பாடா என்றேன்.

சாயங்காலம் மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை, பதினோரு மணிலேருந்து ஒரு மணி வரைக்கும் என்ன வறுத்தீங்க?"

"நானா? ஒண்ணும் வறுக்கலியே."

அவள் ஃபோனை நீட்டினாள். மலை மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்கியிருந்தது. அந்த டப்பா பார்த்ததையெல்லாம் எங்கள் வீட்டு இன்டர்நெட்டைப் பிடித்து உடனுக்குடன் அவள் ஃபோனுக்கு அனுப்பிவிடுமாம்! பால்கனிக்குப் போனது, வந்தது எல்லாமே கோடாக இருந்தது. வீட்டுக்குள் ஒரு நாத்தனாரைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என் மதினி.

"ஜன்னல் திறந்திருந்துச்சா அத்தை?"

"திறந்துதான் இருந்துச்சு" என்றேன். இரண்டாவது தடவையும் அதே பொய்.

அதற்குள் பேத்தி உள்ளேயிருந்து இருமிக்கொண்டே ஓடி வந்தாள். கையில் அவள் வரைந்த படம். "மா, தேக்கோ!" அம்மா, பார் என்கிறாள். படத்தில் இரண்டு ஆச்சிகள். சால்ட் லேக் ஆச்சிக்குக் கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, தலைக்கு மேலே சூரியன். லேக் ஆச்சிக்குக் கையில் கரண்டி. தலைக்கு மேலே கறுப்புக் கிரேயானால் கிறுக்கிக் கிறுக்கி ஒரு பொதி.

"இது என்ன கண்ணு, ஆச்சி கொண்டையா?" என்று கேட்டேன்.

"இல்ல, உன் புகை."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பேத்தியைச் சால்ட் லேக்குக்கு அனுப்பிவிட்டார்கள். குளிர் போகும்வரை அங்கே இருக்கட்டும், பள்ளிக்கூட வண்டி அங்கேயும் வருகிறது என்றாள் மருமகள். சத்தம் போடவில்லை, சண்டை இல்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு ஜெயித்திருப்பேன். பிள்ளையின் கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள், அவ்வளவுதான். குல்லாயை மட்டும் நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். குல்லாய் வாங்கவாவது வரட்டும் என்று. மதினி புதுக் குல்லாய் பின்னிப் போட்டுவிட்டாள். அதுவும் மஞ்சள் கலரில், பூ வைத்து.

தினமும் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுவோம். பேத்தி குதிப்பாள், ஆடுவாள். பின்னால் மதினியின் கை மட்டும் தெரியும், ஆரஞ்சுச் சுளையை உரித்து ஊட்டுகிற கை.

"ஆச்சி, இங்க எனக்கு இருமலே இல்ல!"

"ரொம்ப சந்தோஷம் கண்ணு" என்பேன். ஃபோனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நிற்பேன். பிள்ளை இருமாமல் இருப்பது நல்லதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் கையில் இருமாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இனி குளிர் போனாலும் அனுப்பமாட்டார்கள், இந்த வீட்டை ஆகாத வீடு என்று ஒதுக்கிவிடுவார்கள், என் பேத்திக்கு நான் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற சொந்தம் ஆகிவிடுவேன் என்கிற பயம் பிடித்துக்கொண்டது.

பயம் பிடித்தவளுக்குப் புத்தி குறுக்கேதான் ஓடும். ஒரு சனிக்கிழமை, "பிள்ளையைப் பாத்துட்டு வாரேன்" என்று மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பையில் முறுக்கு, அதன் அடியில் டப்பா. அவள் வீட்டுக் காற்றும் என் வீட்டுக் காற்று மாதிரிதான் என்று அந்த டப்பாவை வைத்தே காட்டிவிட வேண்டும். மகன் என்னை இறக்கிவிட்டு வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

"வாங்க மதினி, வாங்க. என்ன திடீர்னு?"

"ஏன் மதினி, சொல்லிட்டுத்தான் வரணுமா? நான் என்ன கரண்ட் ஆபீஸ்காரனா?"

பேத்தி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. அதுவும் எனக்கு வலித்தது.

மதினி வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற கூண்டு. தூசி தட்டுகிற மாதிரி ஒவ்வொரு அறைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய், ஓரமாக எட்டிப் பார்த்தேன். பச்சை. சமையலறை, பச்சை. படுக்கையறை, பச்சை. குளியலறைக்குள்கூடக் கொண்டுபோனேன். அங்கேயும் பச்சை! என்ன வீடு இது, புல்வெளி மாதிரி.

"பையைக் கீழ வைங்களேன் மதினி. யாரும் எடுத்துக்கிட மாட்டோம்."

"முறுக்கு நொறுங்கிரும்" என்றேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தது. சால்ட் லேக் கொசுவைப் பற்றி உனக்கு இன்னும் தெரிந்திருக்காது; பொழுது சாய்ந்தால் பட்டாளமாக வரும். மதினி வீடு முழுவதும் ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். அன்றைக்குப் பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். தலைமுடி ஈரம். சாமி அலமாரியிலிருந்து கம்ப்யூட்டர் சாம்பிராணிக் கிண்ணம் இரண்டை எடுத்துப் பற்றவைத்து, பிள்ளையை மடியில் சாய்த்து, முடியை விரித்துப் பிடித்துப் புகை காட்டினாள்.

"மதினி, புகையாச்சே அது?" என்று கேட்டேன். ஒன்றும் அறியாதவள் மாதிரி.

"சாம்பிராணி எப்படி மதினி புகையாகும்? இது மூலிகை. கிருமியைக் கொல்லும். காத்து சுத்தமாகும். கொசுவும் வராது."

நோட்டு எழுதினவள்! கண்ணாடிச் சங்கிலிக்காரி! அடுப்புப் புகை, சிகரெட் புகை என்று எழுதியவளுக்குச் சாமி புகை புகையாகத் தெரியவில்லை. என் வீட்டில் மரியாதைப் புகை மாதிரி, அவள் வீட்டில் பக்திப் புகை. நான் மெள்ளப் பையைத் திறந்து பார்த்தேன். முறுக்குக்கு அடியில் மஞ்சள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சிவப்பு. என் வீட்டில் வந்த அதே குங்குமச் சிவப்பு.

அப்போது பேத்தி இருமினாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். அந்த முதல் இருமல் காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு குலவையே போட்டேன். 'வா, வா, இன்னொரு தடவை இருமு' என்று மனசு சொன்னது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

பிள்ளை இன்னொரு தடவை இருமினாள். மூன்றாவது தடவை இருமிவிட்டு மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. என் மடியைத் தேடி ஒரு கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. எந்தப் பிள்ளைக்காக இவளோடு போட்டி போடுகிறேனோ, அந்தப் பிள்ளையின் மூச்சையே பந்தயமாக வைத்துவிட்டேனே.

எழுந்தேன். சாம்பிராணிக் கிண்ணம் இரண்டையும் தட்டோடு தூக்கிக் கொண்டுபோய்க் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்து ஜன்னல் ஜன்னலாகத் திறந்தேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன்.

"என்ன மதினி செய்யுதீய! கொசு வருது!" என்று பின்னாலேயே வந்தாள்.

"கொசு கடிச்சா சொறிஞ்சுக்கிடலாம். மூச்சைச் சொறிய முடியாது. முதல்ல மருந்து மெஷினை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தாள். பால்கனி நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்து மூடியை முகத்தில் பிடித்தோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். கொசு இரண்டு பேரையும் பாகுபாடு இல்லாமல் தின்றது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுச் சத்தம் அடங்கியது. அதற்கப்புறம்தான் பையிலிருந்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

மதினி கண்ணாடியை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டவில்லை.

"பதினஞ்சு நாளா சனி, புதன் சாம்பிராணி போடுதேன். மறுநாள் காலையில லேசா இருமுவா. தலைக்குத் தண்ணி ஊத்துனது ஒத்துக்கிடலைன்னு நினைச்சேன்" என்றாள். குரல் தேய்ந்துபோயிருந்தது. அப்புறம், "இதைப் பார்க்கத்தான் வந்தீயளா?" என்று கேட்டாள்.

"வேற எதுக்கு? உங்க முகத்தைப் பார்க்கவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. "டாக்டர்கிட்ட ஜன்னல் திறந்திருக்கும்னு சொன்னேன்லா. பொய். நாப்பது வருசமா சாத்தித்தான் வறுக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு மதினி சாத்துனீய?"

"பக்கத்து வீட்டுக்காரிக்கு இருமல் வரக்கூடாதுன்னு."

"வீட்டுல இருக்கவளுக்கு?"

கொசு ஒன்றை அடித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. மருமகள்.

"அத்தை, டப்பா எங்க? மத்தியானத்துலேருந்து என் ஃபோனுக்கு ஒண்ணுமே வரலையே?"

மதினி என் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். 'உங்கம்மா வீட்டுல சிவந்து நிக்குது, பிள்ளையைக் கூட்டிட்டுப் போ' என்றால் முடிந்தது. கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? தாழ்ப்பாள் போட்ட என் ஜன்னலுக்குத்தான். நான் டப்பாவைக் கையில் எடுத்து, பால்கனிக் கம்பிப் பக்கம் நகர்த்திவைத்து, காத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. என் பையிலதான் இருக்கு, உங்கம்மா வீட்டுக்குக் கொண்டாந்தேன்" என்றேன். விளக்கு மஞ்சளுக்கு மாறியது. அதற்குள் என் தலைமுடியில் நான்கு நரைத்திருக்கும், கறுப்பு மிச்சமிருந்தால். "என்ன கலர்னு கேக்கப்போறியா? பொறு..." நிஜமாகவே பச்சை வரும்வரை இழுத்தேன். "ம், பச்சை."

ஃபோனை வைத்ததும் மதினி என் கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொண்டேன். ரொம்பவும் சிநேகமாகிவிட்டால் எனக்குப் பொறாமைப்பட யார் இருக்கிறார்கள்?

"சும்மா இல்ல மதினி. வெள்ளி சாயங்காலத்துலேருந்து ஞாயிறு வரைக்கும் பிள்ளை என்கிட்ட. நீங்களே உங்க மக கிட்ட சொல்லணும். இனிமே சாம்பிராணி கிடையாது, கொசுவலை கட்டுங்க."

"நீங்க ஜன்னலைத் திறப்பீயளா?"

"திறக்குறது என்ன, பிடுங்கியே போடுதேன்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் மறுநாள் வீட்டுக்கு வந்து அந்த ஜன்னல் முன்னால் நின்றபோது அதுதான் சரி என்று பட்டது. என் கையை எனக்குத் தெரியும். நாற்பது வருஷப் பழக்கம். சட்டி காய்கிற வாசனை வந்தால் என்னைக் கேட்காமலே தாழ்ப்பாளுக்குப் போகும். மருமகளை உட்காரவைத்து, டாக்டரிடம் சொன்ன பொய்யையும் அவளிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் அம்மா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவள் அம்மா சொல்ல வேண்டியது. சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மருமகள் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், "மாமா இருமினதும் இதுலதானா அத்தை?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன். அது பொய் இல்லை. படத்தில் இருக்கிறவரைக் கேட்கவும் முடியாது.

அம்மிக் குழவியை எடுத்துக் கீல் ஆணிகளைக் கீழேயிருந்து தட்டினேன். துரு. மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆணி தெறித்ததும் கதவு இரண்டு பேர் கையிலும் கனமாக வந்து நின்றது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை பேத்தி அங்கே. வெள்ளி சாயங்காலம் வந்ததும் அவள் தலையை முதலில் முகர்ந்து பார்ப்பேன். சாம்பிராணி வாசனை இருக்கிறதா என்று. ஒரு வாரமாவது இருக்காதா என்று பார்க்கிறேன், இருப்பதில்லை. கெட்டிக்காரி. பொடியை அவள் இல்லாத நாளில், ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து வறுக்கிறேன். டப்பா மஞ்சளாகும், எப்போதாவது சிவக்கும். முன்னைப் போல மலை ஏறுவதில்லை. இன்னும் மதினி வீட்டுப் பச்சை வரவில்லை. வரும்.

கதவு போன பிறகு முதல் தடவை வத்தல் வறுத்த அன்றைக்கு, நாற்பது வருஷம் கழித்து, கட்டிடம் இருமியது. கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரிதான், தலை நரைத்து, மூட்டு வலிக்குக் கம்பு ஊன்றி, அதே மாதிரித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. பின்னால் மாடி வீட்டுக்காரிகள் இரண்டு பேர்.

"கீ பொராச்சோ, தீதி? நீதான் இதையெல்லாம் விட்டுட்டியே!"

மூக்குத்தியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். மறக்கவில்லை பார். அவளுடைய மீன் புகையைப் பற்றி டாக்டரிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்து, ஒரு கிண்ணம் சூடான பொடியை அவள் கையில் வைத்தேன்.

"இனிமே இருமல் வந்தா சொல்லு தீதி, வறுக்குறதுக்கு முந்தியே குரல் கொடுக்குறேன், உன் ஜன்னலைச் சாத்திக்கோ" என்றேன். "நான் சாத்தலாம்னா கதவு உடைஞ்சுபோச்சு. மிஸ்திரி வந்து அளவெடுத்துட்டு ஊருக்குப் போயிருக்கான்."

மூன்று பேரும் ஐயோ பாவம் என்று தலையாட்டினார்கள். இந்த ஊரில் தச்சன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். ஒரு வருஷம் ஆகிவிட்டது. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அவள், "மிஸ்திரி எலோ?" என்று கேட்கிறாள், தச்சன் வந்தானா என்று.

"எங்க தீதி," என்கிறேன், "அவன் ஊர்ல அறுவடையாம்."